மருந்துச் சீட்டுக்குப் பிறகு: தோல் கிளினிக்கில் ஏ.ஐ.

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: நான் தோல் நோய் மருத்துவர். மாலை நேரக் கூட்டத்தில் ஒருவருக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குவதே கஷ்டம். எப்படித் தடவுவது, எத்தனை நாள் தடவுவது என்பதைத் தமிழில் எழுதிக் கொடுக்க சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவற்றைப் பயன்படுத்தலாமா?
- ஒரு மருத்துவர், மதுரை

பதில்: தாராளமாக. கிளினிக்கில் ஏ.ஐ.க்குக் கொடுக்க வேண்டிய முதல் வேலையே இதுதான். ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் புதிதாக எழுதச் சொல்லாதீர்கள். படர்தாமரை, சிரங்கு, முகப்பரு, மங்கு, எக்ஸிமா, சொரியாசிஸ், பொடுகு, முடி உதிர்வு என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் பத்துப் பன்னிரண்டு நோய்களுக்குள் அடங்கிவிடுவார்கள். நோய்க்கு ஒரு தாள் என்று ஒருமுறை எழுதவைத்து, வரிவரியாகத் திருத்தி, தேதி போட்டுப் பூட்டிவிடுங்கள். ஆளுக்கு ஆள் மாறுவது மருந்தின் பெயர், அளவு, நாள் மட்டுமே. அந்த மூன்றும் மருந்துச் சீட்டிலிருந்து நேராகத் தாளில் ஏற வேண்டும். ஏ.ஐ. அவற்றைத் தொடவே கூடாது.

ஏன் இவ்வளவு கறார் என்பதற்குச் சிரங்கையே எடுத்துக்கொள்ளலாம். பெர்மெத்ரின் 5% க்ரீமுக்குக் குறிப்பு கேட்டால் இப்படி வரக்கூடும்: ‘பாதிக்கப்பட்ட இடத்தில் மெல்லியதாகத் தடவவும். அரிப்பு நிற்காவிட்டால் மீண்டும் தடவவும்.’ படிக்க ஒரு குறையும் தெரியாது. ஆனால் இரண்டு வரியும் தப்பு. சிரங்குப் பூச்சி அரிக்கிற இடத்தில் மட்டும் குடியிருப்பதில்லை. கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை, விரலிடுக்கு, அக்குள், தொப்புள், பிறப்புறுப்பு, நகத்தின் அடி என்று ஓரிடம் விடாமல் தடவி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துத்தான் குளிக்க வேண்டும். நடுவில் கை கழுவினால் கையில் மறுபடி தடவ வேண்டும். அரிப்பு இல்லாதவர்கள் உட்பட வீட்டில் எல்லோரும் அதே ராத்திரி தடவ வேண்டும். ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் இன்னொரு முறை. கைக்குழந்தை என்றால் தலையிலும் தடவ வேண்டியிருக்கும். அதற்குத் தனித் தாள் வையுங்கள். அரிப்போ, பூச்சி செத்த பிறகும் 2 முதல் 4 வாரம் நீடிக்கும். ‘நிற்கவில்லையே’ என்று தினமும் பூசுகிறவருக்குத் தோல் புண்ணாகி அரிப்பு கூடத்தான் செய்யும்.

ஏ.ஐ. ஏன் இப்படிச் சறுக்குகிறது? பெரும்பாலான க்ரீம்களுக்கு எழுதப்படும் வாசகம் ‘பாதித்த இடத்தில், மெல்லியதாக’ என்பதுதான். அதிகம் பார்த்த வாசகத்தின் பக்கம் சாய்வது அதன் இயல்பு. அதனால் ‘சிரங்குக்குக் குறிப்பு எழுது’ என்று கேட்காதீர்கள். உள்ளடக்கத்தை நீங்களே ஆங்கிலத்திலோ தமிழிலோ சுருக்கமாகக் கொடுத்துவிட்டு, இப்படிக் கட்டளையிடுங்கள்: ‘கீழே இருப்பதை மட்டும் எட்டாம் வகுப்பு படித்தவருக்குப் புரியும் தமிழில் எழுது. ஒரு வாக்கியத்தில் ஒரு செயல். எண்ணை மாற்றாதே. இல்லாததைச் சேர்க்காதே. தெளிவில்லாத இடத்தைக் காலியாக விடு.’

அளவையும் கண்ணால் பார்க்கிற மாதிரி எழுத வேண்டும். ‘போதுமான அளவு’ என்பது யாருக்கும் உதவாது. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை ட்யூபிலிருந்து பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். பெரியவர் ஒருவரின் விரல் சேர்த்த இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும். அந்த அகலத்துக்குக் காலை, மாலை தடவினால் 15 கிராம் ட்யூப் 15 நாள் வரும். இந்தக் கணக்கைத் தாளிலேயே போடுங்கள். அதே ட்யூபை இரண்டு மாதம் வைத்திருப்பவர் சரியாகத் தடவவில்லை என்பது மறுமுறை வரும்போது கேட்காமலே தெரிந்துவிடும்.

சில வரிகளை மட்டும் ஏ.ஐ. கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். நீங்களே எழுதி அப்படியே ஒட்டுங்கள். சொரியாசிஸ் போன்றவற்றுக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை சாப்பிடும் மாத்திரை. அதைத் தினமும் விழுங்கி வாய்ப்புண்ணும் ரத்த அணுக் குறைவுமாக உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. ‘வாரம் ஒருமுறை’ என்று எழுதினால் போதாது. ‘ஞாயிற்றுக்கிழமை மட்டும்’ என்று கிழமையைப் போடுங்கள். முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெடினாய்ன் சாப்பிடும் பெண்கள் தொடங்க ஒரு மாதம் முன்பிருந்து, நிறுத்திய பின் ஒரு மாதம்வரை கருத்தரிக்கக் கூடாது. இந்த வரியில் ‘தவிர்ப்பது நல்லது’ என்று ஏ.ஐ. தன் பாட்டுக்குக் குழைத்துவிட்டால் வாசகத்தின் பல்லே போய்விடும்.

தாளை நீட்டும்போது, ‘வீட்டுக்குப் போய் என்ன செய்வீங்க, சொல்லுங்க’ என்று நர்ஸ் ஒரு கேள்வி கேட்கட்டும். அதற்கு எந்த மென்பொருளும் வேண்டாம்.

கேள்வி: எங்கள் கிளினிக் வாட்ஸ்அப் எண்ணில் ராத்திரி பகலாகச் சந்தேகம் வருகிறது. பாட் (தானாகப் பதில் எழுதும் மென்பொருள்) ஒன்றைப் போட்டுப் பதில் சொல்ல வைக்கலாமா?
- வரவேற்புப் பணியாளர், சேலம்

பதில்: நேரம், கட்டணம், மறுமுறை வரும் தேதி, பூட்டிவைத்த தாளில் இருக்கும் விஷயம், இவ்வளவுக்கும் பாட் பதில் சொல்லலாம். ‘இது என்ன நோய்?’, ‘மாத்திரையை நிறுத்தலாமா?’ என்பதற்குச் சொல்லக் கூடாது. 2020 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளே, ஏ.ஐ. தளங்கள் நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது, மருத்துவருக்கு உதவியாக இருக்கலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டன.

முதலில் ஆபத்துப் பட்டியலைப் போடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். புது மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சலோடு கொப்புளம், வாயிலோ கண்ணிலோ புண், தோல் உரிதல்; முகமோ உதடோ வீங்கி மூச்சுத் திணறல்; வலியோடு வேகமாகப் பரவும் வீக்கம். இந்தச் சொற்களில் ஒன்று வந்தாலும் பாட் வாயை மூடிக்கொண்டு, முன்பே எழுதிவைத்த ஒரே செய்தியை அனுப்ப வேண்டும்: உடனே மருத்துவமனைக்குப் போங்கள், 108-ஐ அழையுங்கள். அதே நேரம் பொறுப்பில் இருப்பவரின் போன் அடிக்க வேண்டும். இங்கேதான் பல பாட்கள் கோட்டைவிடும். நம் ஆட்கள் ‘கொப்புளம்’ என்பதைப் பாதிப் பேர் ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு விதமாக அடிப்பார்கள்; மீதிப் பேர் வாய்ஸ் மெசேஜ் போடுவார்கள். பட்டியலில் அந்த எழுத்துக் கோலங்களும் இருக்க வேண்டும். குரல் செய்தியை மனிதர் ஒருவர் கேட்பதே நல்லது.

இன்னொரு தொல்லை: வாட்ஸ்அப் பிசினஸ் தளத்தில் நோயாளி கடைசியாக எழுதி 24 மணி நேரம் தாண்டிவிட்டால், வாட்ஸ்அப்பிடம் முன்அனுமதி வாங்கிய வார்ப்புச் செய்தியை (டெம்ப்ளேட்) மட்டுமே அனுப்ப முடியும். ‘ரத்தப் பரிசோதனைக்கு வாருங்கள்’ போன்ற நினைவூட்டல்களுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள். அதில் நோயின் பெயர் வேண்டாம். போன் வீட்டில் யார் கையில் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

கேள்வி: தொடையில் வந்த படையைப் படம் எடுத்து ஏ.ஐ.யிடம் காட்டினேன். எக்ஸிமா என்கிறது. நம்பலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம். தோல் நோய்ப் படத் தொகுப்புகளில் வெளிர் நிறத் தோல்தான் அதிகம். அங்கே சிவப்பாகத் தெரியும் அழற்சி நம் மாநிறத்தில் ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோ தெரியும். ‘சிவந்திருக்கிறதா?’ என்று அது கேட்க, ‘இல்லை’ என்று நீங்கள் சொல்ல, பாதை அங்கேயே மாறிவிடும். அதோடு, மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு கலந்த க்ரீமைத் தடவியிருந்தால் படர்தாமரையின் வட்ட விளிம்பே மங்கிப்போய், படத்தில் வேறு நோய் மாதிரி தெரியும். இத்தகைய க்ரீம்கள் பலவற்றை 2018-இல் மருத்துவர் சீட்டு தேவைப்படும் அட்டவணை எச்-இல் சேர்த்தும் கடைகளில் சர்வசாதாரணமாகக் கிடைப்பதுதான் சங்கடம்.

ஏ.ஐ.யை வேறு விதத்தில் பயன்படுத்துங்கள். எப்போது தொடங்கியது, வீட்டில் வேறு யாருக்கு அரிப்பு, என்னென்ன தடவினீர்கள், வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கச் சொல்லி, அரைப் பக்கக் குறிப்பாக்கிக் கொண்டுபோங்கள். காலி ட்யூப்களையும் பையில் போடுங்கள். மருத்துவர் படம் கேட்டால் ஜன்னல் வெளிச்சத்தில், ஃப்ளாஷும் அழகூட்டும் ஃபில்டரும் இல்லாமல், தள்ளி நின்று ஒன்று, பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து நெருக்கமாக ஒன்று எடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நுணுக்கம் குறையும். டாக்குமென்டாக அனுப்பினால் தெளிவு கெடாது. ஆனால் எடுத்த இடத்தின் விவரமும் கூடவே போகக்கூடும் என்பதால் கேமராவில் லொகேஷனை அணைத்துவிட்டு எடுங்கள்.

கேள்வி: ஆலோசனையை ஒலிப்பதிவு செய்து ஏ.ஐ.யே குறிப்பெடுக்கும் மென்பொருளை விற்க வருகிறார்கள். வாங்கலாமா?
- கிளினிக் மேலாளர், கோவை

பதில்: உங்கள் அறையிலேயே, ஃபேன் ஓடும்போது, ஆங்கிலம் கலந்த தமிழில் பேசிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மருந்துப் பெயர், ‘இல்லை’, ‘வேண்டாம்’ என்ற சொற்கள், எண்கள் ஆகிய மூன்றையும் மட்டும் ஒப்பிட்டால் போதும். பேச்சு நின்ற இடத்தில் யாரும் சொல்லாததை இட்டு நிரப்பும் பழக்கமும் இவற்றுக்கு உண்டு. கையெழுத்துப் போடுமுன் மருத்துவர் படிக்கத்தான் வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் வாங்காதீர்கள்.

கேள்வி: என் மகளின் முகப் படத்தை கிளினிக் ஏ.ஐ.யில் ஏற்றினால் என் அனுமதி வேண்டாமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. ஒப்புதல் கோரும் அறிவிப்பைத் தமிழில் படிக்கும் உரிமையும் அதில் உண்டு. சிகிச்சைக்குப் படம் எடுப்பது ஒன்று, அதை வெளி நிறுவனத்தின் ஏ.ஐ.க்கு அனுப்புவது வேறொன்று. இரண்டுக்கும் தனித்தனிக் கையெழுத்து கேளுங்கள். எங்கே சேமிக்கிறார்கள், எப்போது அழிப்பார்கள், ஏ.ஐ.யின் பயிற்சிக்குப் பயன்படுத்துகிறார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். இரண்டாவது கையெழுத்தைப் போட மறுத்தாலும் சிகிச்சை தர வேண்டும்.