செல்ஃப் எடுக்காத மினி டிராக்டர்: வாசகர் கேள்வி-பதில்

மழை விழுந்ததும் ஷெட்டில் கிடந்த வண்டிகளையெல்லாம் உழவுக்கு இழுத்திருக்கிறீர்கள். ஒன்றும் எடுக்கவில்லை போலிருக்கிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, செல்ஃப் மோட்டார் பஞ்சாயத்து.

தென்னந்தோப்புக்குள் ஓட்டும் மினி டிராக்டர். சாவியைத் திருகினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் மோட்டார் போச்சு, புதுசுதான் போடணும் என்கிறார் மெக்கானிக். போட்டுவிடவா?
– வாசகர், வாடிப்பட்டி

பொறுங்கள். அவர் மோட்டாரைக் கழற்றிப் பார்த்துச் சொன்னாரா, சத்தத்தைக் கேட்டே சொன்னாரா? இரண்டாவது என்றால் காசை மடியிலேயே வையுங்கள்.

கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருகுங்கள். விளக்கு சட்டென்று மங்கினால் முதல் சந்தேகம் பேட்டரி மீதும் டெர்மினல் மீதும். மங்காமல் எரிந்து, 'டக்' மட்டும் கேட்டால் சொலினாய்டுக்குள் (மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) இருக்கும் செம்புக் காண்டாக்ட் தீய்ந்திருக்கலாம், அல்லது மோட்டாருக்குள் சுற்றும் பாகத்துக்குக் கரண்டைக் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். இரண்டையும் தனித்தனியாக மாற்ற முடியும், முழு மோட்டார் வேண்டியதில்லை. 'டக்டக்டக்' என்று விடாமல் அடித்தால் பெரும்பாலும் சார்ஜ் இல்லை என்று அர்த்தம். சத்தமே இல்லையா? ஃபியூஸ், ரிலே, அப்புறம் கிளட்ச் பெடலுக்குப் பக்கத்தில் இருக்கும் சேஃப்டி சுவிட்சைப் பாருங்கள். கிளட்சை முழுதாக மிதிக்காவிட்டால் பல வண்டிகளில் செல்ஃபுக்குக் கரண்டே போகாது.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் சுலபம். நிற்கும் வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். செல்ஃப் அடிக்கும்போது 10-க்கும் கீழே சரிந்தால், சார்ஜ் ஏற்றி மறுபடி பாருங்கள். அப்படியும் சரிந்தால் பேட்டரி போயிருக்கலாம், அல்லது மோட்டார் இறுகிப்போய்க் கரண்டை இழுக்கலாம். பேட்டரிக் கடையில் லோடு வைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

எல்லோரும் விட்டுவிடுகிற ஒன்று எர்த் வயர். பேட்டரி நெகட்டிவிலிருந்து சேசிஸுக்குப் போகும் அந்த வயரின் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். அடியில் துருவும் செம்மண்ணும் அப்பிக் கிடக்கும். உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து இறுக்கிவிட்டு, ஒருமுறை சாவியைத் திருகுங்கள். அதற்கும் எடுக்கவில்லை என்றால் மோட்டாரைக் கழற்றலாம்.

ஸ்க்ரூடிரைவரை வைத்து செல்ஃப் மோட்டாரின் இரண்டு போல்ட்டையும் தொட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகிறது. இப்படியே ஓட்டலாமா?
– வாசகர், மேலூர்

கூடாது. சேஃப்டி சுவிட்சைத் தாண்டிக் கரண்ட் போகிறது. கியரில் இருந்தால் வண்டி பாயும், நீங்கள் நிற்பதோ டயருக்கு முன்னால்.

செல்ஃப் 'விர்'ரென்று சுற்றுகிறது, எஞ்சின் சுற்றவில்லை.
– வாசகர், சோழவந்தான்

உங்கள் மோட்டார் நன்றாக இருக்கிறது! மோட்டார் முனையில் இருக்கும் பினியன் பல் வெளியே வந்து, எஞ்சினின் ஃப்ளைவீல் சக்கரத்தைச் சுற்றியிருக்கும் பல் வளையத்தை, அதாவது ரிங்கைக் கவ்வவில்லை. அந்தப் பினியனைச் சுமக்கும் பெண்டிக்ஸில் அழுக்கு சேர்ந்திருக்கலாம், தேய்ந்திருக்கலாம். சில நேரம் மட்டும் இப்படி ஆகிறதென்றால், சாவியை எடுத்துவிட்டு எஞ்சினைக் கையால் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். அப்புறம் எடுத்தால் ரிங் பல்லில் கோளாறு. எஞ்சின் நிற்கும்போது பெரும்பாலும் அதே இடங்களில்தான் நிற்கும், அதனால் அந்த இடத்துப் பற்கள்தான் முதலில் தேயும்.

பக்கத்து ஊர்க்காரரிடம் பழைய மினி டிராக்டர் வாங்கினேன். அன்று ஒரே திருகலில் எடுத்தது. வீட்டுக்கு வந்த மறுநாளிலிருந்து தள்ளித்தான் ஸ்டார்ட் செய்கிறோம். ஆர்சி இன்னும் அவர் பெயரில்தான். கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாமா?
– வாசகர், திருமங்கலம்

நீங்கள் போய் நின்றபோது எஞ்சின் சூடாக இருந்ததா என்று தொட்டுப் பார்த்தீர்களா? முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைத்த வண்டி யாருக்கும் ஒரே திருகலில் எடுக்கும். பழைய வண்டியை விடியற்காலையில், சொல்லாமல் போய்ப் பார்க்க வேண்டும். மாடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், டிராக்டருக்கு மட்டும் பெயின்ட்டைப் பார்த்துப் பணம் கொடுக்கிறோம். விற்றவர் வியாபாரி இல்லை என்றால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிற்பது கஷ்டம். ஆர்சி மாற்ற வாங்கியவருக்குச் சட்டம் தரும் அவகாசம் 30 நாள். முதலில் அந்த வேலையைப் பாருங்கள்.

வீட்டுக்காரர் வெளிநாட்டில். தோட்டத்து டிராக்டருக்குப் புது செல்ஃப் மோட்டார் போட்டதாகச் சொல்லி ஜிபே-யில் பணம் வாங்கினார் கடைக்காரர். மூன்றே வாரத்தில் நின்றுவிட்டது. உங்கள் வயரிங்தான் கோளாறு என்கிறார். கழற்றிப் பார்த்தால் பழைய மோட்டாருக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்த மாதிரி இருக்கிறது. பில் தரவில்லை, ஒரு எஸ்டிமேட் சீட்டுதான்.
– வாசகி, உசிலம்பட்டி

அம்மா, தப்பு உங்கள் பக்கம் இல்லை. பெண் ஒருத்தி தனியாக வந்து கேட்கிறாள் என்று தெரிந்ததும் ஆணியைக் கூட மாற்றாமல் பில்லைப் போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு அந்தப் பில்லும் கிடைக்கவில்லை.

இந்த எஸ்டிமேட் சீட்டு பற்றி எனக்குப் பல வருடக் கோபம். கடை பெயர் இருக்காது, தேதி இருக்காது, சீரியல் நம்பர் இருக்காது. மஞ்சள் தாளில் நாலு கிறுக்கல், கீழே கூட்டுத்தொகை. "பில் போட்டால் ஜிஎஸ்டி சேரும்ணே, இதுவே போதும்ல?" என்பார்கள், நாமும் தலையாட்டுவோம். என் வீட்டுத் தண்ணீர் மோட்டாரை அப்படித்தான் வாங்கினேன். காப்பர் வைண்டிங் என்று சத்தியம் செய்தார்கள். மூன்றாம் மாதம் புகைந்தது. காயில் கம்பியைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம். சீட்டை நீட்டினேன், "இது எங்க கையெழுத்து இல்லையே" என்றார்கள். பில் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறை என்றே எழுதியிருக்கிறது. சலுகை கேட்கிற மாதிரி கெஞ்ச வேண்டாம். பில் நம் உரிமை.

உங்களிடம் ஜிபே பதிவு இருக்கிறது, அது போதுமான தொடக்கம். மோட்டாரை வேறு யாரிடமும் கொடுத்துப் பிரிக்காதீர்கள். பெயின்ட், போல்ட் தலை, எண் பொறித்த தகடு எல்லாவற்றையும் படம் எடுங்கள். கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் தேதி போட்டு எழுதுங்கள், அப்புறம் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. "டிராக்டர் வணிக உபயோகம், நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று எதிர்த்தரப்பு சொல்லக்கூடும். சொந்தப் பிழைப்புக்கு நீங்களே தோட்டம் பார்க்கிறீர்கள் என்பதைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள், அந்த வாதம் எடுபடாது.

இனி எந்தக் கடையில் பார்ட்ஸ் மாற்றினாலும் பழையதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய இரும்புக்கடையில் போட்டாலும் நமக்குத்தான் காசு.

பேட்டரிக்கு போர் தண்ணீர் ஊற்றலாமா? எங்கள் ஊர் தண்ணீர் நல்ல ருசி.
– வாசகர், அலங்காநல்லூர்

நீங்கள் குடியுங்கள். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர்.