பெரியம்மா வீட்டுக்கு அரை நாள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மணப்பாறையிலிருந்து எழுதுகிறேன். வரும் மே மாத விடுமுறையில் குடும்பத்தோடு மலேசியா போகலாம் என்றிருக்கிறோம். நான், மனைவி, அம்மா, பிள்ளைகள் இருவர் (14 வயது, 9 வயது). அம்மா பிறந்தது அங்கேதான். கெடா மாநிலத்தில் பீடோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் தாத்தா பால்மரம் வெட்டினார், அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. 1970இல் வேலை பெர்மிட் கிடைக்காமல் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கினார்கள். அம்மாவுக்கு அப்போது எட்டு வயது. மூத்தவரான பெரியம்மா கல்யாணமாகி அங்கேயே தங்கிவிட்டார். இப்போது மகனோடு சுங்கைப்பட்டாணியில் இருக்கிறார், வயது 74. பாட்டி இறந்தபோது 1991இல் ஒரு முறை வந்து போனார். அதற்குப் பிறகு போனில் பேசுவதோடு சரி.

எங்களுக்கு இருப்பது ஏழு நாள். கோலாலம்பூர் இரண்டு நாள், கெந்திங் மலை ஒரு நாள், லங்காவி ஒரு நாள், பினாங்கு ஒரு நாள், சிங்கப்பூர் ஒன்றரை நாள், பெரியம்மா வீட்டில் மதியச் சாப்பாட்டோடு அரை நாள் என்று போட்டிருக்கிறேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பெரியம்மாவுக்கு இரண்டு சேலை எடுத்து வைத்திருக்கிறார். சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் ஊர் பார்க்க முடியாது, அவர்களுக்கும் தொந்தரவு என்கிறாள் மனைவி. எனக்கும் அது சரி என்றே படுகிறது. ஆனாலும் மனது ஒப்பவில்லை. நீங்கள் மலேசியாவுக்குப் பல முறை போனவர். எப்படிப் பிரிப்பது என்று சொல்லுங்கள்.

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் திட்டத்தைப் படித்ததும் 2008இல் நான் போட்ட திட்டம் நினைவுக்கு வந்தது. அப்பாவுடைய தம்பி தைப்பிங்கில் இருந்தார். அப்பாவை அழைத்துக்கொண்டு நாங்கள் போனோம். ஐந்து நாள் பயணம், அதில் சித்தப்பாவுக்கு ஒரு மதியம். காலை பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். சாப்பிட்டோம். அண்ணனும் தம்பியும் வாசல் பக்கம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. யார் யார் செத்துப் போனார்கள் என்று சித்தப்பா ஒவ்வொரு பெயராகக் கேட்டார், அப்பா பதில் சொன்னார். இடையிடையே நீண்ட நேரம் சும்மா இருந்தார்கள். சரி, பேச ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு மணிக்குக் கிளம்பும்போது கைகழுவ உள்ளே போனேன். பக்கத்து அறையில் இரண்டு புது மெத்தைகள் விரித்திருந்தன. சுற்றி வந்த பிளாஸ்டிக் உறை மூலையில் சுருட்டி வைத்திருந்தது. கொடியில் நான்கு புதுத் துண்டுகள், கடை மடிப்பு இன்னும் கலையவில்லை. நாங்கள் தங்கப் போவதில்லை என்று முன்பே சொல்லியிருந்தோம். இருந்தாலும் வாங்கியிருக்கிறார். வண்டியில் ஏறும்போது சித்தப்பா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ராத்திரி பேசலாம்னு இருந்தேன்ணே" என்றார். அவ்வளவுதான். இரண்டு வருடத்தில் சித்தப்பா போய்விட்டார். அன்றைக்கு நாங்கள் அவசரமாகப் போய்ப் பார்த்தது கோலாலம்பூரில் ஒரு பேரங்காடி.

ஐம்பது வருடம் பிரிந்திருந்தவர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேச மாட்டார்கள். எல்லோரும் படுத்த பிறகு, விளக்கை அணைத்த பிறகுதான் பேச்சு தொடங்கும். அதனால் உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: பெரியம்மா வீட்டுக்கு எத்தனை மணி நேரம் என்று கணக்குப் பார்க்காதீர்கள், எத்தனை இரவு என்று பாருங்கள். குறைந்தது மூன்று இரவு. மற்றதையெல்லாம் அதைச் சுற்றி வையுங்கள்.

அப்படி வைத்தால் ஊர் பார்க்க முடியாது என்ற பயம் வேண்டாம். நீங்கள் வரைபடத்தை எடுத்துப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். சுங்கைப்பட்டாணியிலிருந்து பினாங்கு காரில் ஒரு மணி நேரம். சென்னையிலிருந்து பினாங்குக்கே 2024 டிசம்பரில் இண்டிகோ நேரடி விமானம் விட்டது. இப்போதும் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டு அதில் போய் இறங்குங்கள். திரும்பும்போது கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கிறது, ஏறக்குறைய நாலு மணி நேரம். வடக்கே நுழைந்து தெற்கே வெளியே வருவதால் வந்த வழியே திரும்பி ஓட வேண்டாம். ஒரு முழு நாள் மிச்சம். போக வர ஒரே ஊர் என்றால்தான் டிக்கெட் மலிவு என்ற எண்ணம் நம் பக்கம் உண்டு. தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

சிங்கப்பூரை எடுத்துவிடுங்கள். அதற்குத் தனி விசா வேண்டும், ஜொகூர் எல்லையில் கூட்ட நாளில் மணிக்கணக்காக நிற்க வேண்டிவரும், ஒன்றரை நாளில் பாதி வரிசையிலேயே போய்விடும். லங்காவிக்குக் குவாலா கெடாவிலிருந்து படகு, போக வரவே அரை நாள். கெந்திங்கும் வேண்டாம். பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள்தான். அவர்களுக்குப் பினாங்கில் ஈடு கட்டலாம்.

முதல் நாள் நேரே பெரியம்மா வீடு. மறுநாள் எங்கேயும் போகாதீர்கள். இதைச் சொன்னால் உங்கள் மனைவி கோபப்படலாம், ஆனால் நன்றாக யோசித்துத்தான் சொல்கிறேன். நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும் ஊர் அது. இரவு முழுதும் விழித்து வந்த உடம்புக்கு எப்படியும் ஒரு நாள் வேண்டும். காலையில் எழுந்ததும் "பசியாறியாச்சா?" என்று கேட்பார்கள், காலைப் பலகாரத்தை அங்கே அப்படித்தான் சொல்வது. ரிங்கிட்டை வெள்ளி என்பார்கள். பிள்ளைகளை ரொட்டி சானாய் (அந்த ஊர் பரோட்டா) வாங்க அனுப்புங்கள், எத்தனை வெள்ளி என்று கேட்டு வரட்டும். அன்று மாலை எந்தத் தாமானிலாவது (குடியிருப்புப் பகுதி) பாசார் மாலாம் போட்டிருக்கும், வாரத்துக்கு ஒரு நாள் கூடும் இரவுச் சந்தை. பெரியம்மாவின் மகனை, உங்கள் அண்ணனைக் கேட்டால் சொல்வார்.

மூன்றாம் நாள் இரண்டு இடம். காலையில் பூஜாங் பள்ளத்தாக்கு. மெர்போக்கில் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். ராஜேந்திர சோழன் 1025இல் படையெடுத்துப் போன கடாரம் இந்தக் கெடாதான். உங்கள் பெரிய பிள்ளை பாடப் புத்தகத்தில் 'கடாரம் கொண்டான்' என்று படித்திருக்கும். அங்கே மலைச்சரிவில், ஓடையை ஒட்டி, கருங்கல்லில் ஒரு கோயிலின் அடித்தளம் நிற்கிறது, சண்டி புக்கிட் பத்து பகாட் என்று பெயர். மேலே கட்டடம் இல்லை. தூண் நின்ற குழிகள் மட்டும் கல்லில் தெரியும். பக்கத்தில் மற்ற இடங்களில் தோண்டி எடுத்த செங்கல் கோயில்களையும் கொண்டுவந்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். பின்னால் தெரிவது குனோங் ஜெராய், 1,217 மீட்டர். வங்கக் கடலைக் கடந்து வந்த கப்பல்காரர்களுக்குக் கரை வந்துவிட்டது என்று காட்டியது அந்த மலைதான். உங்கள் தாத்தா கப்பலில் வந்தபோதும் அது அங்கேதான் நின்றிருக்கும். கொஞ்சம் ஏற்றம் உண்டு, அம்மா மெதுவாக ஏறட்டும்.

அங்கிருந்து பீடோங் பக்கம்தான். அம்மா பிறந்த தோட்டத்துக்குப் போங்கள். இந்தப் பயணத்தில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள். தோட்டத்தின் பெயரும், எந்த டிவிஷன் என்பதும் அம்மாவுக்கு நினைவிருக்கும், இப்போதே கேட்டு அண்ணனுக்குச் சொல்லிவிடுங்கள். பல தோட்டங்களில் ரப்பர் போய் செம்பனை (பாமாயில் மரம்) வந்துவிட்டது, சில இடங்கள் முழுதும் தாமானாகிவிட்டன. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளைத் தேடினால் கிடைக்காமல் போகலாம். மாரியம்மன் கோயில் பெரும்பாலும் இருக்கும், தமிழ்ப் பள்ளியும் இருந்தாலும் இருக்கும். கோயிலிலிருந்து தொடங்குங்கள். கோயில் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று பிடித்துவிட்டால், பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது) நடந்த திடல் எங்கே, கிராணி (தோட்டக் கணக்கர்) வீடு எங்கே என்று அக்காவும் தங்கையும் கையை நீட்டிக் காட்டுவார்கள். அப்போது அவர்கள் பேசுவதை உங்கள் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். ரப்பர் பால் பிடிக்கும் மங்கு கழுவப் போனது, விடியற்காலை நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு போனது இதையெல்லாம் அம்மா இதுவரை உங்களிடம் சொல்லியிருக்கிறாரா? அக்கா பக்கத்தில் இருந்தால் சொல்வார். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று வந்து, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த எத்தனையோ குடும்பங்கள் இப்படித்தான் பாதி அங்கே பாதி இங்கே என்று ஆயின. உங்கள் பிள்ளைகளுக்கு அதை அந்த இடத்தில் வைத்துச் சொல்ல ஆள் இருக்கிறது, அந்த ஆளுக்கு 74 வயது.

அடுத்து பினாங்கு. இங்கேதான் உங்கள் மனைவி சொல்வதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அம்மாவுக்கு அது அக்கா வீடு. உங்கள் மனைவிக்கு முன்பின் பழகாத வீடு. மருமகள் என்று போனால் அடுப்படியில் நிற்க வேண்டும், எழுந்ததும் குளித்துத் தயாராக வேண்டும், கால் நீட்டி உட்கார முடியாது. ஏழு நாளும் அப்படி என்றால் அது விடுமுறையே இல்லை. அதனால் நான்காம் நாள் இரவு ஜார்ஜ் டவுனில் விடுதியில் அறை போடுங்கள். பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவருக்கும் அம்மாவுக்கும் ஒரே அறை. அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் பக்கத்து ஊரைப் பார்ப்பதே இல்லை. பெரியம்மா கடைசியாக எப்போது பினாங்கு மலை ஏறினார் என்று கேட்டுப் பாருங்கள்.

பட்டர்வொர்த்தில் காரை விட்டுவிட்டு ஃபெரியில் போங்கள். இப்போது அதில் கார் ஏற்றுவதில்லை, ஆட்களும் பைக்கும்தான், கால் மணி நேரம்கூட ஆகாது. பாலத்தில் போனாலும் நன்றாகத்தான் இருக்கும், 13.5 கிலோமீட்டர் நீளம், 1985இல் திறந்தது. ஆனால் அம்மா கப்பலேறிய துறைமுகம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. பினாங்கு மலைக்குக் கயிற்று ரயில் உண்டு, முட்டி வலிக்காரர்களுக்குப் பிரச்சினையில்லை, பிள்ளைகளுக்கும் அதுவே போதும். குயின் தெரு மாரியம்மன் கோயில் 1833இல் கட்டியது, அதைச் சுற்றித்தான் லிட்டில் இந்தியா. நாலு தெரு தள்ளி சீனக் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். எல்லாம் நடை தூரம். தண்ணீர்மலை முருகனுக்கு 513 படி, அம்மாவை ஏற்ற வேண்டாம்.

ஐந்தாம் நாள் மாலை சுங்கைப்பட்டாணி திரும்பி, ஆறாம் நாள் காலை இடிஎஸ் என்ற விரைவு ரயிலில் கோலாலம்பூர். நாலரை மணி நேரம் ஆகும். அங்கே பள்ளி விடுமுறை என்றால் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், தேதி முடிவானதும் போட்டுவிடுங்கள். கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரத்தை இரவில் கீழே பூங்காவில் நின்று பார்த்தால் போதும். மறுநாள் பத்துமலை, கொம்யூட்டர் ரயில் கோயில் வாசலுக்கே போகிறது. 272 படியை நீங்களும் பிள்ளைகளும் ஏறுங்கள், அம்மா கீழே 42.7 மீட்டர் முருகன் காலடியில் உட்கார்ந்திருக்கட்டும். அன்று இரவு விமானம். ஈப்போ பக்கம் கெல்லி கோட்டை எனக்கு மிகவும் பிடித்த இடம். தமிழ்த் தொழிலாளர்கள் காய்ச்சலில் விழுந்தபோது, ஸ்காட்லாந்துக்காரரான அந்தத் தோட்ட முதலாளி அவர்களுக்கு ஒரு மாரியம்மன் கோயில் கட்டிக் கொடுத்தார், அதன் கூரையில் அவரையும் சிலையாக வைத்திருக்கிறார்கள். ஆனால் இந்த முறை உங்களுக்கு நேரம் இல்லை. விட்டுவிடுங்கள்.

தொந்தரவு என்ற பேச்சுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தொந்தரவுதான், ஐந்து பேர் போய் இறங்கினால் யாருக்கும் தொந்தரவுதான். அதைக் குறைக்க வழி இருக்கிறது. அண்ணனுக்கு எந்த நாள் லீவு என்று டிக்கெட் போடுமுன் கேளுங்கள், தோட்டத்துக்குப் போவதை அந்த நாளில் வையுங்கள். மற்ற நாட்களில் அவர் காரை எதிர்பார்க்காமல் கிராப் என்ற செயலியில் வாடகைக் கார் பிடித்துப் போங்கள். என்ன வாங்கி வர என்று பெரியம்மாவிடமே கேளுங்கள். மணப்பாறை முறுக்கு சரி. செடி, விதை, கோயில் மண் என்று எதுவும் வேண்டாம், அனுமதியில்லாமல் உள்ளே விட மாட்டார்கள்.

விசா இப்போது தேவையில்லை, 30 நாள் வரை தங்கலாம். அந்தச் சலுகை 2026 கடைசி வரை என்று அறிவித்திருக்கிறார்கள். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் எம்டிஏசி என்ற வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. அரசுத் தளத்தில் அது இலவசம், யாராவது பணம் கேட்டால் அது வேறு தளம். பெரியம்மா வீட்டு முகவரியும் அண்ணன் போன் நம்பரும் ஒரு தாளில் எழுதி அம்மா கையிலும் ஒன்று கொடுங்கள். திரும்பி வரும் டிக்கெட்டின் அச்சுப்படியும் கையில் இருக்கட்டும்.

அப்புறம், அம்மா எடுத்து வைத்திருக்கும் அந்த இரண்டு சேலைகள். அவற்றைப் பெரிய பெட்டியில் போடாதீர்கள், அம்மாவுடைய கைப்பையிலேயே இருக்கட்டும். பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் வரட்டும், சேலைகள் முதல் நாளே பெரியம்மா கைக்குப் போய்விட வேண்டும்.

அன்புடன்