வண்டி ஒன்று, இறக்கும் இடங்கள் நாற்பது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஈரோட்டிலிருந்து ஒரு பலசரக்கு மொத்த வியாபாரி: ஒரே நடையில் சரக்கு இறக்க வேண்டிய பதினான்கு கடைகளைக் கூகுள் மேப்ஸில் ஏற்ற முடியவில்லை. ஏற்றிய கடைகளும் நான் கொடுத்த வரிசையிலேயே வருகின்றன. என் கைப்பேசியில் கோளாறா?

கைப்பேசியில் கோளாறு இல்லை. அந்தச் செயலியில் பத்து இடங்கள் வரைதான் கொள்ளும். வரிசையையும் நீங்கள்தான் விரலால் இழுத்து மாற்ற வேண்டும். அது வழிகாட்டும் கருவி. எந்தக் கடைக்கு முதலில் போவது என்று முடிவு செய்யும் கருவி வேறு.

அதே வியாபாரி: பத்தே கடைகள் என்றால் எல்லா வரிசைகளையும் நானே போட்டுப் பார்த்துவிட மாட்டேனா?

தாராளமாகப் பாருங்கள், 36 லட்சம் வரிசைகள் இருக்கின்றன. கடைகள் பதினைந்தானால் அது 1.3 லட்சம் கோடி ஆகிவிடும். கணினியும் அத்தனையையும் பார்ப்பதில்லை. ஏதோ ஒரு வரிசையைப் போட்டுக்கொண்டு, வழியின் ஒரு பகுதியைக் கழற்றித் திருப்பிப் பொருத்தினால் தூரம் குறைகிறதா என்று மீண்டும் மீண்டும் சோதித்து, இனிக் குறையாது என்ற நிலையில் நிறுத்திக்கொள்கிறது.

திருச்சி வாசகர்: அப்படியானால் கிடைக்கும் வழிதான் மிகக் குறைந்த தூரம் என்று உறுதி சொல்ல முடியுமா?

முடியாது, தேவையும் இல்லை. நூற்றுக்கு இரண்டு மூன்று கூடினால் அது ஓட்டுநர் ஒரு தேநீர் குடிக்கும் நேரம்.

கோவையிலிருந்து ஒரு பேக்கரி விநியோகஸ்தர்: காசு கட்டி வாங்கிய மென்பொருளில் 46 முகவரிகளை ஏற்றினேன். எல்லாம் உள்ளூர்க் கடைகள்தான். மொத்தத் தூரம் எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் என்று காட்டுகிறது. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பணத்தைக் கேட்பதற்கு முன் வரைபடத்தை ஒரு முறையாவது பார்த்தீர்களா? நீங்கள் அனுப்பிய பட்டியலின் 31ஆவது வரியில் 'ராமநாதபுரம்' என்று மட்டும் இருக்கிறது. ஊர்ப் பெயரும் இல்லை, பின்கோடும் இல்லை. திருச்சி சாலையில் இருக்கும் ராமநாதபுரத்தைத்தான் சொல்கிறீர்கள் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். மென்பொருளோ உங்கள் பன்னையும் ரொட்டியையும் சேதுக்கரைப் பக்கம் அனுப்பிவிட்டு, மாலையில் திரும்பவும் அழைத்து வந்திருக்கிறது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

இதே புகார் எனக்கு மாதம் தவறாமல் வருவதால் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். 'பிள்ளையார் கோவில் எதிரில்', 'பழைய எண் 12, புதிய எண் 27' என்பவையெல்லாம் தபால்காரருக்குப் புரியும், கணினிக்குப் புரியாது. கதவு எண் பிடிபடாதபோது பெரும்பாலான கருவிகள் பிழை என்று சொல்லி நிற்பதில்லை. அந்தப் பகுதியின் நடுவில் ஒரு புள்ளியைக் குத்திவிட்டு அமைதியாக அடுத்த வரிக்குப் போய்விடுகின்றன. ஐந்தாறு கடைகள் ஒரே புள்ளியில் குவிந்திருந்தால் இதுதான் நடந்திருக்கிறது என்று பொருள். காந்தி நகர், நேரு நகர், அண்ணா நகர் என்று எழுதி நிறுத்தினால் எந்த ஊருடையது என்பது அதிர்ஷ்டம்தான்.

புள்ளி சரியாக விழுந்தாலும் வாசல் தவறிப் போகலாம். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலையின் உணவகத்துக்குத் தயிர் அனுப்பும் வேலையை நானே திட்டமிட்டேன். புள்ளி ஆலைக் கட்டடத்தின் நடுவில் இருந்தது. அதற்கு மிக அருகில் ஓடிய சாலை தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். கருவி அந்தச் சாலையைப் பிடித்துக்கொண்டது. தயிர் ஏற்றிய குட்டியானை வண்டி பின்பக்க மதில் முன்னால் போய் நின்றது. ஆலையின் சங்கு காதில் விழும் தூரம்தான், ஆனால் வாசலுக்கு வர லெவல் கிராசிங்கைச் சுற்றி 25 நிமிடம் ஆயிற்று. தயிரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, ஒவ்வொரு கடைக்கும் முதல் முறை போகும்போது ஷட்டருக்கு முன்னால் நின்றுகொண்டு இருப்பிடத்தைப் பதியச் சொல்லுங்கள்; அந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் பட்டியலில் நிரந்தரமாக வையுங்கள். தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கங்கள் இருந்தால் ஒரு மீட்டர் துல்லியம் வரும். எக்செல் அதை இரண்டு இலக்கமாகச் சுருக்க இடம் கொடுத்தால் ஒரு கிலோமீட்டர் வரை தவறலாம். 2025இல் இந்திய அஞ்சல் துறை கொண்டுவந்த டிஜிபின் என்ற முகவரிக் குறியீடு சுமார் நான்கு மீட்டர் சதுரத்தைப் பத்து எழுத்து-எண்களில் சொல்லிவிடுகிறது, பழகிக்கொள்வது நல்லது. எதைப் பயன்படுத்தினாலும், எல்லாப் புள்ளிகளையும் வரைபடத்தில் கண்ணால் பார்த்த பிறகே கணக்கிடும் பொத்தானை அழுத்துங்கள்.

கோவைக் கல்லூரி மாணவர்: வழி கணக்கிடும் இணையச் சேவையான ஓபன்ரூட்சர்வீஸுக்கு நிரல் எழுதி ஓட்டியதும் எல்லாக் கடைகளும் ஆர்க்டிக் கடலில் விழுகின்றன.

கூகுளில் அட்சரேகை முன்னால் வரும்; அந்தச் சேவை கேட்கும் ஜியோஜேசன் என்ற தரவு வடிவத்தில் தீர்க்கரேகைதான் முன்னால். கோவையின் 11.02, 76.96 இடம் மாறினால் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே கடலில்தான் விழும். கண்ணால் பார்த்ததால் உடனே தெரிந்தது, பாருங்கள்.

தாம்பரத்திலிருந்து தண்ணீர் கேன் விநியோகிப்பவர்: திட்டப்படி மதியம் ஒரு மணிக்கு முடிய வேண்டிய நாற்பது வீடுகளை ஓட்டுநர் மாலை ஐந்துக்குத்தான் முடிக்கிறார். ஊர் சுற்றுகிறாரா?

ஒவ்வோர் இடத்திலும் நிற்கும் நேரமாக எவ்வளவு கொடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பூஜ்யம் என்றே ஊகிக்கிறேன். இருபது லிட்டர் கேனை மூன்றாவது மாடிக்கு ஏற்றி, காலி கேனை வாங்கி, சில்லறை கொடுத்துவிட்டு இறங்க ஆறு நிமிடமாவது ஆகும். நாற்பது வீடுகளுக்கு நான்கு மணி நேரம், கணக்கு சரியாக வருகிறது. அவரைச் சந்தேகித்ததற்கு ஒரு வேளை சாப்பாடாவது வாங்கிக் கொடுங்கள்.

சென்னையிலிருந்து ஒரு சிமென்ட் முகவர்: மென்பொருள் என் லாரியை ரயில்வே சுரங்கப் பாதைக்குள் அனுப்பப் பார்க்கிறது.

கார் ஓட்டுநருக்கான வழியை எடுத்திருக்கிறீர்கள். கனரக வாகனத்தின் உயரமும் எடையும் கேட்கும் கருவியைத் தேர்ந்தெடுங்கள். அதிலும் அந்தச் சுரங்கப் பாதையின் உயரம் வரைபடத்தில் பதிவாகியிருந்தால்தான் பயன். சந்தேகம் இருந்தால் அந்தச் சாலையை நீங்களே தடை செய்துவிடுங்கள். மழைக்காலத்தில் கட்டாயம் செய்யுங்கள்.

மதுரை வாசகர்: இரண்டு வண்டிகள் உள்ளன. வைகைக்கு வடக்கு ஒன்று, தெற்கு ஒன்று என்று நானே பிரித்துக்கொடுக்கட்டுமா?

வேண்டாம். பிரிப்பதும் கணக்கின் ஒரு பகுதிதான். 1959இல் டான்சிக், ராம்சர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பெட்ரோல் நிலையங்களுக்கு டேங்கர் அனுப்பும் கணக்காக எழுதியதே இதுதான். வண்டியின் கொள்ளளவையும் கடைக்குக் கடை சரக்கின் அளவையும் கொடுத்துவிட்டு மென்பொருளிடமே விடுங்கள். வண்டி கடைசியில் குடோனுக்குத் திரும்ப வேண்டும் என்பதையும் குறிப்பிடுங்கள். இல்லையென்றால் ஊரின் மறுகோடியில் விட்டுவிடும்.

சேலத்திலிருந்து ஒரு மருந்து மொத்த விற்பனையாளர்: வண்டி கிளம்பிய பிறகு புதிய ஆர்டர் வந்தால் மீண்டும் கணக்கிடலாமா?

கணக்கிடலாம். முடிந்த கடைகளை நீக்கிவிட்டு, தொடங்கும் இடமாக குடோனை அல்ல, வண்டி அப்போது நிற்கும் இடத்தைக் கொடுங்கள். ஆனால் புதிய ஆர்டருக்கான சரக்கு வண்டியில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கடைசிக் கடைக்கான பெட்டிகளை உள்ளே தள்ளி முதலில் ஏற்றியிருப்பார்கள். நடுவழியில் வரிசையை மாற்றினால், ஓட்டுநர் சாலையோரத்தில் பாதி வண்டியை இறக்கித்தான் ஒரு பெட்டியை எடுக்க வேண்டியிருக்கும்.