கூட்டைக் குலுக்கிப் பார்த்த கை

அன்புள்ள ஐயா,
காவேரிப்பட்டணம் அருகே ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் கொள்முதல் மேலாளராக இருக்கிறேன். எங்கள் முதலாளி லாரியில் வரும் பெங்களூரா மாங்காயைக் கையில் எடுத்துப் பார்த்தே விலை சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும். அதே உறுதியோடு, ஏற்றுமதி விலை ஏறும், கூழை விற்காமல் இருப்பு வையுங்கள் என்கிறார். என் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. அனுபவசாலியின் உள்ளுணர்வை மறுக்கலாமா?
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மாங்காயில் அவரை நம்புங்கள். இருப்பு விஷயத்தில் தயங்காமல் மறுத்துப் பேசுங்கள்.

என் தாய்மாமா தருமபுரியில் பட்டு நூற்பாளர். பட்டுக்கூடு அங்காடியில் ஏலத்துக்கு முன், கூட்டுக் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து நான்கைந்து கூடுகளை எடுப்பார். காதருகே குலுக்குவார். உள்ளே கூட்டுப்புழு நன்றாக இருந்தால் லொடலொடவென்று ஆடும். அழுகி ஒட்டியிருந்தால் ஓசை வராது. அரை நிமிடத்தில் விலை சொல்லிவிடுவார். ஒரு கிலோ நூலுக்கு எத்தனை கிலோ கூடு பிடித்தது என்று சில நாளில் தராசு சொல்லிவிடும். முப்பது ஆண்டுகள் அந்தத் தராசிடம் பாடம் கேட்ட கை அது.

அதே மாமா ஒருமுறை நூல் விலை ஏறுமென்று மனத்தில் பட்டதால் விற்காமல் வைத்திருந்தார். விலை இறங்கியது. அத்தையின் வளையல்கள் அடகுக்குப் போயின. கூட்டைக் குலுக்கும்போது இருந்த அதே உறுதி அன்றும் அவர் குரலில் இருந்ததை நினைத்தால் இன்றும் வலிக்கிறது.

நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன், நிர்வாகிகளின் உள்ளுணர்வு பற்றி 1987இல் எழுதியபோது, அது பழகிப் பழகி உறைந்துபோன பகுப்பாய்வு என்றார். உள்ளுணர்வைச் சந்தேகித்த உளவியலாளர் டேனியல் கானமனும், தீயணைப்புத் தலைவர்களிடம் அதன் வலிமையைக் கண்ட உளவியலாளர் கேரி கிளைனும் 2009இல் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். உள்ளுணர்வை நம்ப வேண்டுமானால் சூழலில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், அதைக் கற்றுக்கொள்ளப் போதிய வாய்ப்பும் இருக்க வேண்டும். உறுதியாகத் தோன்றுவது மட்டும் போதாது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடில்லை.

மாங்காய் பழுத்ததும் கூழின் இனிப்பைக் காட்டும் பிரிக்ஸ் அளவே பதில் சொல்லிவிடும், அதுவும் ஒவ்வொரு லாரிக்கும். ஏற்றுமதி விலையோ சீசனுக்கு ஒருமுறைதான் பதில் சொல்கிறது. அதிலும் மழையும் டாலரும் கலந்து கிடக்கின்றன. அதில் யாருக்குக் கை பழகும்?

அவரிடம் உங்கள் கணக்கை முதலில் நீட்டாதீர்கள். முன்பு எந்தெந்த ஆண்டுகளில் இருப்பு வைத்தார், என்ன விலைக்குப் போனது என்று பழைய பேரேட்டைச் சேர்ந்து புரட்டுங்கள். அதன் பிறகும் வைக்கத்தான் வேண்டும் என்றால், போனாலும் தொழிற்சாலை தாங்கும் அளவை எழுதி ஒப்புக்கொள்ளுங்கள். இதைச் சீசனுக்கு முன்பே பேசிவிடுங்கள். வாசலில் லாரிகள் வரிசை கட்டிய பிறகு பேரேடு புரட்ட அவருக்கும் நேரமிருக்காது, உங்களுக்கும் இருக்காது.