ஒரு ஹெச்பி மோட்டார் போட்டா அஞ்சு கிலோவாட் வருமா?

கேள்வி: குலசேகரம் பக்கத்துல இருந்து எழுதுறேன். வீட்டுக்கும் ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலருக்கும் சேத்து கரண்ட் பில் தாங்க முடியல. 1 ஹெச்பி மோட்டார், நடுவுல 100 கிலோ ஃபிளைவீல் (கனமான சக்கரம்), அந்தப் பக்கம் ஆல்டர்னேட்டர் (கரண்ட் உண்டாக்குற மெஷின்), 5 கிலோவாட் வரும், ஓட ஆரம்பிச்சதும் இபி லைனையே கழட்டிரலாம்னு ஒரு ஏஜென்ட் சொல்லுகார். விலை 1,60,000. அட்வான்ஸ் 40,000 குடுக்கலாமா? மச்சான் ஏற்கனவே 10,000 அனுப்பிட்டார்.

பதில்: குடுக்காதீங்க அண்ணாச்சி. இருபத்தேழு வருஷமா மோட்டார் ரீவைண்டிங் பண்ணிட்டு இருக்கேன், இந்த செட்டுல கருகின காயில் எத்தன வந்துச்சுன்னு கணக்கு விட்டுப்போச்சு.

1 ஹெச்பின்னா 746 வாட். அந்த அளவு ஷாஃப்ட்ல கிடைக்கணும்னா சாதாரண மோட்டார் இபில இருந்து ஆயிரம் வாட் பக்கம் இழுக்கும். பெல்ட்ல கொஞ்சம் போவும், ஆல்டர்னேட்டர்ல இன்னும் போவும், கடைசில உங்க கைக்கு வர்றது 560, 570 வாட். மிச்சம் எங்கன்னு கேட்டா, பத்து நிமிஷம் ஓடின மோட்டார் பாடில கைய வச்சுப் பாருங்க, சுடும்லா, அதுதான் உங்க காசு.

ஃபிளைவீல் பெருக்கிக் குடுக்கும்னு சொல்லுவான். அது உண்டியல் மாதிரி, போட்டதத்தான் எடுக்க முடியும். 100 கிலோ, ரெண்டு அடி விட்டம், 1500 ஆர்பிஎம்ல சுத்துதுன்னு வைங்க, உள்ள இருக்கறது சுமார் 16 வாட்ஹவர் (1000 வாட்ஹவர்தான் ஒரு யூனிட்). ஒரு ஹெச்பி மோட்டார ஒண்ணேகால் நிமிஷம் ஓட்டும். அவ்வளவுதானாக்கும்!

பின்ன டெமோல பல்பு எரிஞ்சுதேன்னு கேப்பீங்க. ஒருத்தர் அப்படி வாங்கின செட்ட என் கடைக்கு கொண்டுவந்தார், "சர்க்யூட் ரகசியம், திறந்தா வாரன்டி போயிரும்"னு எழுதி எம்சீல் போட்டு அடைச்ச பெட்டி, நான் உளிய வச்சு தட்டினேன், உள்ள ரெண்டு 12 வோல்ட் 7 ஏஹெச் யுபிஎஸ் பேட்டரி, ஒரு பழைய இன்வெர்ட்டர் போர்டு. ரெண்டும் சேந்து 168 வாட்ஹவர், ரெண்டு நூறு வாட் பல்ப இருபது நிமிஷம் காட்டுறதுக்கு தாராளம். அதனாலதான் டெமோ எப்பவும் இருபது நிமிஷத்துல டீ குடிக்கப் போயிருது.

இன்னொரு வித்த, மல்டிமீட்டர்ல 230 காட்டி பாத்தீங்களான்னு சொல்றது. வோல்ட் வேற, பவர் வேற. லோடு போடாம வோல்ட் யாரு வேணும்னாலும் காட்டலாம்.

அப்புறம் பேட்டன்ட் இருக்குன்னு சொல்லுவான். அவன் காட்டுறது விண்ணப்ப நம்பரு, பணம் கட்டின எல்லாருக்கும் அது கிடைக்கும். 1970 பேட்டன்ட் சட்டம் பிரிவு 3(a)படி இயற்கை விதிக்கு வெளிப்படையா எதிரா இருக்கறதுக்கு பேட்டன்ட் கிடையாது. பாரிஸ் அறிவியல் கழகம் 1775லயே தானா ஓடுற மெஷின் மனுவெல்லாம் இனி வாங்க மாட்டோம்னு சொல்லியாச்சு. நம்ம ஊர்ல மனு வாங்க ஒரு நாள், தள்ளுபடி பண்ண வருஷக்கணக்கு, அதுக்குள்ள இவன் மாவட்டம் முழுக்க வித்து முடிச்சிருவான். பள்ளிக்கூடத்துல "ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது"ன்னு எல்லாரும் மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினதுதான், அந்தப் பையனே வளந்து 40,000 அட்வான்ஸ் கொண்டு குடுக்கப் போறான்.

ஆரல்வாய்மொழி காத்தாடிக்கு ஆற்றல காத்து குடுக்குது, கோதையாறு மின்நிலையத்துக்கு மேல இருந்து விழுற தண்ணி குடுக்குது, அதுல ஒண்ணும் மர்மம் இல்ல.

ஒண்ணு மட்டும் கொஞ்சம் நிதானமா பாக்கணும், ஏன்னா ஏஜென்ட் அதத்தான் கடைசில எடுப்பான். ஒன்றரை டன் ஏசி ஒன்றரை கிலோவாட் கரண்ட் எடுத்து ரூமுல இருந்து அஞ்சு கிலோவாட் வெப்பத்த வெளிய தள்ளுது, இது உண்மை. ஆனா அது அந்த வெப்பத்த உண்டாக்கல, ரூமுக்குள்ள ஏற்கனவே கிடந்தத தூக்கி வெளிய போடுது. சுமட்டுக்காரர் ஒரு வேள சோறு தின்னுட்டு அம்பது மூட்ட இறக்குவார், மூட்டைக்குள்ள இருக்கற அரிசி அவர் வயித்துல இருந்தா வந்துச்சு? சரி, அந்த வெப்பத்த வச்சு திரும்ப கரண்ட் எடுத்தா என்னன்னு கேக்காதீங்க, ரூமுக்கும் வெளிக்கும் உள்ள அந்த சின்ன சூடு வித்தியாசத்துல எடுத்தா ஏசி தின்ன கரண்ட்ட விட குறைச்சலாத்தான் வரும்.

ஏஜென்ட் விடாம வந்தா ஒரே ஒரு கண்டிஷன் போடுங்க. உங்க வீட்ல, உங்க ரோலர் லோடுல, உள்ள போற லைன்ல ஒரு சப்மீட்டர், வெளிய வர்ற லைன்ல ஒரு சப்மீட்டர், ஒரு ராத்திரி ஒரு பகல் ஓடட்டும், பெட்டி எதுவும் மூடி இருக்கக் கூடாது. ரெண்டாவது மீட்டர் யூனிட்டு கூட இருந்தா முழுப் பணத்தையும் அங்கயே எண்ணிக் குடுங்க.

பில் குறையணும்னா கூரைல சோலார் பாருங்க, 1 கிலோவாட்டுக்கு நல்ல வெயில்ல நாளைக்கு 4 யூனிட் வரும், வீட்டு கனெக்‌ஷனுக்கு 3 கிலோவாட் வச்சா மத்திய அரசு மானியம் 78,000. அங்கயும் மானியம் வாங்கித் தாறேன்னு தனி கமிஷன் கேக்கறவன் இருக்கான், அரசு போர்ட்டல்ல நீங்களே பதிஞ்சிரலாம்.

மச்சான் அனுப்பின 10,000 ஜிபேல போயிருந்தா அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் வாட்ஸ்அப் சாட்டையும் இன்னைக்கே எடுத்து வைங்க, அவன் டெலீட் பண்றதுக்கு முன்ன. திருப்பித் தாடான்னு எழுத்துல கேளுங்க, போன்ல கேக்காதீங்க. தரலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணி புகார் பதியுங்க.