யாழினிக்குத் தம்பியோ தங்கையோ: டெல்லியில் எந்தப் பெயர் நிற்கும்?

மூத்தவள் யாழினி, இரண்டாவதுக்கு அரிதான, இசைவான பெயர் வேண்டும் என்கிறீர்கள். யாழிசை, யாழினியன் வேண்டாம். முதல் அசை ஒன்றானால், அடுத்த அறையிலிருந்து கூப்பிடும்போது இருவரும் திரும்புவார்கள். அசை எண்ணிக்கை ஒத்து, முதல் எழுத்தும் ஈறும் மாறினால் போதும். யாழினி, கபிலன்: இரண்டிலும் அசை எண்ணிக்கை ஒன்றே, இரண்டிலும் சங்க வாசனை. கபில் இந்திக்காரர்களுக்கும் பழகிய ஒலி.

டெல்லியில் பெரிய சிக்கல் பக்கத்து வீட்டு இந்திக் காதுதான். பாரி அருமையான பெயர். ஆனால் ஆங்கிலத்தில் ஒற்றை 'ஏ' போட்டால் 'பரீ' என்று படிப்பார்கள், தேவதை, பெண் பெயர். இரட்டை 'ஏ' போடுங்கள். ஆதனை "ஆதா!" என்று கூப்பிட்டால் அங்கே 'பாதி' என்று கேட்கும். அருவி, பள்ளியில் 'அர்வி' ஆகிவிடும், அது சேப்பங்கிழங்கு! பிள்ளைதான் அந்தக் கேலியைச் சுமக்கும். 'ழ'வையும் 'ஜ' என்றே பெரும்பாலும் வாசிப்பார்கள். வீட்டுக்கு ஒரு ழகரம் போதும்.

பெண்ணானால் கயல், வானதி. கயலில் ஓர் அசை குறைந்தாலும், மெய்யெழுத்தில் முடிவதால் யாழினியோடு குழம்பாது. வானதி யாழினியைப் போலவே இகரத்தில் முடிந்தாலும், முதல் எழுத்து வேறு.

அவசரம் வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதியுங்கள். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். குடும்பப்பெயர் கட்டத்தில் அப்பா பெயரை யாழினிக்கு எப்படி எழுதினீர்களோ, எழுத்து பிசகாமல் அப்படியே எழுதுங்கள். பின்னால் பாஸ்போர்ட்டுக்கு அலைய வைப்பது அதுதான்.