வேலியில் பூத்த நியங்கலா: ஆட்டுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: ஐயா, கொழும்பு முகத்துவாரத்தில் வீட்டுக்குப் பின்னால் மூன்று ஆடுகள் வளர்க்கிறேன். ஒன்று சினை. மழை தொடங்கியதிலிருந்து வேலியில் ஒரு கொடி ஏறி, சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்துக் கிடக்கிறது. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் அதை நியங்கலா என்கிறது. வவுனியாவிலிருந்து வந்திருக்கும் மாமி கார்த்திகைப்பூ என்கிறார். கிழங்கை அரைத்துப் பருக்கினால் ஆட்டின் வயிற்றுப் பூச்சி போகுமாம். விதைக்கு நல்ல விலை, நட்டு விற்கலாம் என்று இன்னொருவர் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் கிழங்கு. கொடுக்கவே கொடுக்காதீர்கள், தம்பி. அதுவும் சினை ஆட்டுக்கு.

இரண்டு பெயரும் ஒரே செடிக்குத்தான். தமிழ்நாட்டில் செங்காந்தள், கண்வலிக்கிழங்கு என்பார்கள். அங்கே மாநில மலரும் இதுதான். நாட்டு மருந்துக் கடையில் கலப்பைக்கிழங்கு, இலாங்கலி என்று கேள்விப்பட்டாலும் இதே சரக்குதான்.

மாமி ஒன்றும் இல்லாததைச் சொல்லவில்லை. பூச்சிக்கும், தோல் நோய்க்கும், பிரசவம் தாமதித்தால் உள்ளங்காலில் பூசுவதற்கும் இந்தக் கிழங்கை முன்பு பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் சித்த வைத்தியர்கள்கூட இதைக் கோமூத்திரத்தில் ஊறவைத்துச் சுத்தி செய்துதான், அதுவும் மிகச் சிறிய அளவில் சேர்ப்பார்கள். வீட்டு அம்மியில் அரைத்து அளவு பார்க்கிற மருந்தல்ல இது.

உள்ளே இருப்பது கொல்ச்சிசின் என்ற நஞ்சு. உடம்பின் கலங்கள் (செல்கள்) பிரிந்து பெருகுவதை அது நிறுத்திவிடும். அதனால் வேகமாகக் கலங்கள் புதுப்பிக்கப்படும் குடற்சுவரும் எலும்பு மச்சையும் முதலில் அடிவாங்கும். கருவும் தப்பாது. கிழங்கு, இலை, பூ, விதை எல்லாவற்றிலும் இருக்கிறது. அவித்தாலும் காயவைத்தாலும் போகாது. இதே கொல்ச்சிசின்தான் மூட்டுவாத வகையான கவுட்டுக்கு மில்லிகிராம் கணக்கில் குளிசையாக வருகிறது. அந்த அளவை நினைத்துப் பாருங்கள், கைப்பிடிக் கிழங்கையும் நினைத்துப் பாருங்கள்.

உண்மையில் எனக்குக் கிழங்கைவிடக் குழைதான் பயம். வேலியில் ஆட்டுக்குக் கிளிசரியாக் குழை (சீமைக்கிளுவை) வெட்டும்போது இந்தக் கொடியும் சேர்ந்து வந்துவிடும். பூ இல்லாத நாளில் இலையைப் பாருங்கள்: நுனி நீண்டு சுருண்டு, பற்றுக்கம்பியாகிப் பக்கத்துக் கொப்பைப் பிடித்திருக்கும். அப்படி ஓர் இலை கண்டால் அந்தக் குழைக்கட்டை உதறி, கொடியைப் பிரித்தெடுத்துவிட்டுப் போடுங்கள். ஆடு தின்றுவிட்டால் எச்சில் வடியும், அசைபோடாது, கழிச்சல் போகும், சிலவேளை இரத்தமும் வரும். மாற்று மருந்தை எதிர்பார்த்துக் காத்திராமல் அரச கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள். நஞ்சு பாலிலும் இறங்கும், அந்தப் பாலைக் கறந்து குடிக்க வேண்டாம்.

பூச்சிக்கு அல்பெண்டசோல் போன்ற மருந்து தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் சினையின் முதல் மாதத்தில் அதையும் கொடுக்கக் கூடாது. கொஞ்சம் புழுக்கையை எடுத்துக்கொண்டு கால்நடை வைத்தியரிடம் போய், சினை எத்தனை மாதம் என்று சொல்லி, அவர் தருவதைக் கொடுங்கள்.

மனிதருக்கும் ஒரு வார்த்தை. கோடையில் கொடி பட்டு மறைந்துவிடும், கிழங்கு மண்ணில் கிடக்கும். தோண்டுகிறவர் வத்தாளங்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்று ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் இலங்கையில் உண்டு. கலப்பை போல இரு பக்கமும் வளைந்த கிழங்கு என்றால் அது இதுதான். யாராவது தின்றுவிட்டால் வாந்தி நின்றுவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். ஆபத்து ஓரிரு நாள் கழித்தும் வரும். மிச்சக் கிழங்கையும் எடுத்துக்கொண்டு உடனே தேசிய வைத்தியசாலைக்குப் போங்கள். நச்சுத் தகவல் நிலையமும் அங்கேதான் இருக்கிறது.

விதை வியாபாரம்? தமிழ்நாட்டில் மூலனூர், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சிப் பக்கம் பெரிய பயிர்தான், மருந்துக் கம்பனிகளுக்கு விதை போகிறது. ஆனால் அவை காய்ந்த பூமி. பூவின் சூல்தண்டு மகரந்தத்தை விட்டு ஒரு பக்கமாக மடிந்து நிற்பதால், நல்ல காய்ப்பிடிக்கு அங்கே ஒவ்வொரு பூவுக்கும் கையால் மகரந்தம் தடவுகிறார்கள். கொழும்பில் வருசத்துக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. நீர் நின்றால் கிழங்கு அழுகிவிடும். வேலியோரத் துண்டுக் காணியில் இதற்குச் செலவழிக்காதீர்கள். விதையிலிருந்து வளர்த்தால் பூக்கவே மூன்று நான்கு வருசம் ஆகும்.

பூ ஆசையாக இருந்தால், கொடி பட்டபின் கையுறை போட்டுக் கிழங்கைத் தோண்டி, மணல் கலந்த மண்ணில் பெரிய சாடியில், மூன்று அங்குல ஆழத்தில் படுக்கையாக வையுங்கள். முளை கிழங்குக் கிளையின் நுனியில்தான் இருக்கும். அது முறிந்தால் அந்தக் கிளை முளைக்காது. சாடியை ஆடு எட்டாத மாடியில் வைத்து, மழைக்காலம் வரும்வரை தண்ணீர் ஊற்றாமல் விடுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் சாடியும் வேண்டாம், தோண்டி எடுத்து ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.